இறாத்தலும் பாணும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தேநீர்க் கடைகளில் விடியற்காலையில் ஓயாது கேட்கும் சொற்கள் இரண்டு: இறாத்தல், பாண். முன்னது அராபியரின் நிறைப்பெயர். பின்னது போர்த்துக்கேயர் தந்தது. இரண்டும் கடல்வழி வந்தவை. பாணுக்குரிய கோதுமையும் கப்பலிலேயே வருகின்றது. 1980 முதல் சீனன்குடாவில் இயங்கும் பிறீமா ஆலை அதனை மாவாக்குகின்றது. கோதுமை விளையாத நாட்டின் உழைப்பாளி பாணை நம்பி வாழ நேர்ந்தது எவ்வாறு? அப்பாணின் நிறை யார் கையில் இருக்கின்றது? இவ்விரு வினாக்களையும் நாம் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அடுத்த மாதம் 9ஆந் திகதி இத்துறைமுகத்தின்மீதே குண்டுகள் பொழிந்தன. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. போர் முடிந்த பின்னும் மா போகவில்லை.

பங்கீட்டரிசி கொத்துக் கணக்கில் விற்கப்பட்டது. நான்கு சுண்டு ஒரு கொத்து என்பது எழுத்தறியாத கிழவிக்கும் தெரிந்த கணக்கு. 1953இல் அன்றைய அரசாங்கம் கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. ஆகஸ்ட் 12இல் நாடு ஹர்த்தாலில் கொந்தளித்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அவ்வெழுச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் ஒன்றை நாம் இங்கே சுட்ட விரும்புகிறோம். அன்று மாறியது விலை; கொத்து மாறவில்லை. ஆதலால் அநீதி எல்லார் கண்ணுக்கும் ஒரே எண்ணாகத் தெரிந்தது. விலையை 25 சதத்திலேயே நிறுத்திக் கொத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்திருந்தால் மக்கள் எதனை எதிர்த்துத் தெருவுக்கு வந்திருப்பர்?

இது வெறுங் கற்பனையன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இயற்றிய விதி 2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, பொதி செய்த பண்டங்களுக்கு இருந்த நிர்ணய அளவுகள் பெரும்பாலும் அகன்றன. சில பண்டங்களுக்குச் சில ஆண்டுத் தவணை கிடைத்தது. திராட்சை மதுவுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும் அளவு நிலைத்தது. குடிப்பவனுக்குக் கிடைத்த காவல் உண்பவனுக்குக் கிடைக்கவில்லை போலும்! இந்தியாவும் 2021இல் அறிவித்த திருத்தத்தால், பாண், பிஸ்கட் முதலியவற்றுக்கு இருந்த நிர்ணய அளவுப் பட்டியலை நீக்கியது. அதற்கீடாக, ஓர் அலகின் விலையைப் பொதியில் அச்சிட வேண்டும் என்றது. போட்டி பெருகும், தெரிவு பெருகும் என்பது இம்மாற்றங்களுக்குச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை சிறிதும் இல்லை என நாம் கூறவில்லை. ஆயின் சிற்றெழுத்தைப் படித்து ஒப்பிட நேரமும் வெளிச்சமும் வேண்டும். விடியுமுன் படகுத்துறைக்கு விரைபவனுக்கு இரண்டும் இல்லை. அவனுக்கு மாறாத அளவே தராசு.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொணர்ந்தது. ஓர் இறாத்தல் ஏறத்தாழ 453.6 கிராம்; இன்றைய இறாத்தல் பாண் 450 கிராம். பெயர் இருக்க, நிறையில் ஒரு துணிக்கை உதிர்ந்தது. அது பெரிதன்று. 2022 நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோதுதான் பாணின் உண்மை நிறை மக்களிடையே பேச்சாயிற்று. 2024 தொடக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி வாயிலாக நிறையை வரையறுத்தது: முழுப் பாண் 450 கிராம், குறையலாகும் அளவு 13.5 கிராம், அரைப் பாண் 225 கிராம், குறையலாகும் அளவு 9 கிராம்.

இவ்வரையறையை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இக்கணக்கை வகுப்பிற் கொடுத்தபோது மாணவனொருவன் எழுந்து, "அரைப் பாண் இரண்டு வாங்கினால் 18 கிராம் குறையலாமே, சேர்?" என்றான். சரியான கணக்கு. முழுப் பாணுக்கு நூற்றுக்கு மூன்று; அரைப் பாணுக்கு நூற்றுக்கு நான்கு. சிறிய பாணை ஒரே நிறையாகச் சுடுவது கடினம் என்று வெதுப்புவோர் கூறலாம். அக்கடினத்தின் செலவை, முழுப் பாணுக்குக் காசில்லாதவன் ஏன் ஏற்க வேண்டும்? அரைப் பாணுக்கும் நூற்றுக்கு மூன்றே, அதாவது 6.75 கிராமே, குறையலாம் எனத் திருத்துக; பாண் விற்கும் ஒவ்வொரு கடையிலும் வாங்குவோர் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தராசு வைக்குக.