மூன்று பெயரும் ஒரே வரியில்

ஹிந்தி சினிமாப் பாட்டு என்று சொன்னால் போதும், சங்கீத ரஸிகர்களில் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். "ராகமா அது? சுத்தக் கலப்படம்!" என்பார்கள். பால்காரன் பாலில் தண்ணீர் விடுவதைப் போல ராகத்தில் மேனாட்டுச் சங்கீதத்தை விட்டு விற்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியோடு மல்லுக்கு நிற்க எனக்கு உத்தேசமில்லை. கலந்தது யார் என்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

கலப்பு நேற்று வந்ததல்ல. 1952-ல் நௌஷாத் 'பைஜு பாவ்ரா' படத்தில் உஸ்தாத் அமீர்கானையும் டி. வி. பலுஸ்கரையும் பாட வைத்தார். அதே ஆண்டில் 'ஆன்' படத்துக்கு நூறு பேர் கொண்ட வாத்தியக் கோஷ்டியை உட்கார வைத்தவரும் அவர்தான். சங்கர்-ஜெய்கிஷன் இரட்டையர் 1956-ல் 'பஸந்த் பஹார்' படத்தில் பீம்ஸேன் ஜோஷியையும் மன்னா டேயையும் எதிரெதிரே பாட வைத்தார்கள். அவர்களே மற்றப் படங்களில் வயலின்களை வரிசை வரிசையாக முழங்க வைத்தார்கள்.

இத்தனை வயலின்களுக்கும் யார் எதை வாசிப்பது என்று எழுதிக் கொடுத்தது யார்? இசையமைப்பாளர் ஹார்மோனியத்தின் முன் அமர்ந்து மெட்டைப் பாடிக் காட்டுவார். பக்கத்தில் ஒருவர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து அதை மேனாட்டு ஸ்வரக் குறிப்பாக எழுதிக்கொள்வார். இது வயலினுக்கு, இது டிரம்பெட்டுக்கு என்று பிரித்துக் கொடுப்பார். பாட்டின் நடுவே, பாடகர் மூச்சு விடும் நேரத்தில் பொங்கி எழும் வாத்திய இசையில் பெரும்பகுதி அந்தப் பென்சிலிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பென்சில்காரர்களில் பலர் கோவாக்காரர்கள். கோவா 1961 வரை போர்ச்சுகீசியர் வசம் இருந்தது. அங்கே மாதா கோயிலைச் சேர்ந்த பள்ளிகளில், பிள்ளைகள் எழுத்தோடு சேர்த்து மேனாட்டு ஸ்வரக் குறிப்பையும் கற்றார்கள். வளர்ந்ததும் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து ஹோட்டல்களில் வாசித்தார்கள்; பிறகு சினிமா ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தார்கள். ஸெபாஸ்டியன் டிஸௌஸா இப்படி வந்தவர். சங்கர்-ஜெய்கிஷனின் புகழ் பெற்ற பாட்டுக்களுக்கெல்லாம் வாத்திய அமைப்புச் செய்தவர். படத்தின் ஆரம்பத்தில் அவர் பெயரைத் தேடினால், 'உதவியாளர்' என்ற தலைப்பின் கீழ் அகப்படும்!

அந்தோணி கன்ஸால்விஸ் கதை இன்னும் விசித்திரமானது. கோவாவில் மஜோர்டா என்ற ஊரில் பிறந்த வயலின் வித்வான். லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் ஜோடியில் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். ராகங்களை மேனாட்டு வாத்தியக் கோஷ்டிக்கு எழுதி, 1958-ல் பம்பாயில் கச்சேரியும் நடத்தினார். ராகமும் மேனாட்டு இசையும் சமமாக உட்கார வேண்டும் என்பது அவர் கனவு. தேசம் அவரைக் கவனிக்கவில்லை. 1977-ல் 'அமர் அக்பர் அந்தோணி' வந்தது. அதில் அமிதாப் பச்சன் ஒரு ராட்சத முட்டைக்குள்ளிருந்து குதித்து, தம் பெயர் அந்தோணி கன்ஸால்விஸ் என்று பாடுகிறார். சிஷ்யர் பியாரேலால் குருவுக்குச் செலுத்திய காணிக்கை அது. தேசமெல்லாம் அந்தப் பெயரைப் பாடியது. அப்படி ஒரு மனிதர் நிஜமாகவே இருக்கிறார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2012-ல் அவர் காலமானார்.

இந்தப் பின்னணியில்தான் சங்கர்-எஹ்ஸான்-லாய் என்ற மூவரைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சங்கர் மகாதேவன் பம்பாய் செம்பூரில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஐந்து வயதில் வீணையைத் தொட்டவர். கர்நாடக சங்கீதம், ஹிந்துஸ்தானி இரண்டும் அறிந்தவர். கம்ப்யூட்டர் இன்ஜினீயராக உத்தியோகமும் பார்த்தவர். எஹ்ஸான் நூரானி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வரை போய்க் கிதார் கற்றவர்; கறுப்பு மக்களின் 'புளூஸ்' இசையில் உயிரை வைத்திருப்பவர். லாய் மெண்டோன்ஸா பியானோக்காரர். மூவரும் விளம்பரப் பாட்டுலகத்தில் பழகியவர்கள். அது கடுமையான பள்ளிக்கூடம்! அரை நிமிஷத்துக்குள் சோப்பையோ பிஸ்கோத்தையோ விற்றாக வேண்டும். ஆலாபனைக்கு அங்கே இடம் ஏது?

டைரக்டர் முகுல் ஆனந்த் தம்முடைய 'தஸ்' படத்துக்கு இவர்களை அழைத்தார். 1997-ல் அவர் திடீரென்று காலமாகிவிட, படம் பாதியில் நின்றது. பாட்டுக்கள் மட்டும் 1999-ல் வெளிவந்து பிழைத்துக்கொண்டன. மெட்டுப் போடுகிறவர், கிதார் வாசிக்கிறவர், பியானோ வாசிக்கிறவர் மூவர் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் நின்றன. 'உதவியாளர்' என்ற தலைப்பின் கீழ் இருந்திருக்கக் கூடிய இருவர், வீட்டுக்கு உடைமைக்காரர்களாக உள்ளே வந்துவிட்டார்கள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். மூன்று பேர் சேர்ந்து ஒரு நாவல் எழுதுவதை நினைத்தாலே எனக்கு நடுக்கம் எடுக்கிறது. ஒருவர் கொன்ற பாத்திரத்தை இன்னொருவர் அடுத்த அத்தியாயத்தில் எழுப்பிவிடுவார். இவர்களுக்கு மட்டும் இது எப்படிச் சாத்தியமாகிறது? பெயர் சமமாக இருப்பது வெறும் மரியாதைக்காக அல்ல, சங்கீதத்துக்கே அது தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ, ரி, க, ப, த ஆகிய ஐந்தே ஸ்வரங்கள். மேனாட்டு முறையில் மெட்டுக்குத் துணையாக மூன்று மூன்று ஸ்வரங்களை அடுக்கி ஒரே சமயத்தில் ஒலிப்பார்கள். வழக்கமாக வரும் அடுக்குகள் மூன்று: ஸ-க-ப, ம-த-ஸ, ப-நி-ரி. இரண்டாவதில் மத்யமம் வந்துவிட்டது. மூன்றாவதில் நிஷாதம் வந்துவிட்டது. இரண்டும் மோகனத்துக்கு அந்நியம். கிதார்க்காரர் பழக்கதோஷத்தில் கையை வைத்தால், பாடகர் மோகனத்தில் நிற்க, பாட்டு சங்கராபரணத்தின் வாசலில் போய் நிற்கும்! அங்கே ராகம் தெரிந்தவர் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். மெட்டு ஒரே இடத்தில் சுற்றிச் சலிப்புத் தட்டினால், கிதார்க்காரர் "போதும்" என்று சொல்ல வேண்டும். எஜமானனிடம் சம்பளக்காரன் "போதும்" என்று சொல்வது சிரமம். கூட்டாளி சொல்லலாம்.

அந்தச் சுதந்திரம் பாட்டுக்களில் கேட்கிறது. 2001-ல் வந்த 'தில் சாஹ்தா ஹை' படத்தில் கிதார் மெட்டுக்கு வேலியாக நிற்கவில்லை. மெட்டோடு கூடவே நடக்கிறது. 2003-ல் வந்த 'கல் ஹோ நா ஹோ' அவர்களுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. 2013-ல் நம் 'விஸ்வரூப'த்தில் கமல ஹாசன் ஆடும் கதக் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். தமிழ்ச் சொற்கள் ஹிந்துஸ்தானி நடையில் கூச்சமில்லாமல் நடந்து போகின்றன. அந்த நடனத்துக்குப் பண்டித பிர்ஜு மகராஜ் தேசிய விருது பெற்றார். 2015-ல் இதே மூவர், ஒரு பழைய மராத்தி சங்கீத நாடகத்திலிருந்து எடுத்த 'கட்யார் காள்ஜாத் குஸலீ' படத்துக்கு இசையமைத்தார்கள். முதல் நாடகத்துக்கு 1967-ல் இசை தந்த ஜிதேந்திர அபிஷேகியின் பாட்டுக்களும் படத்தில் இடம் பெற்றன. சங்கர் மகாதேவன் அதில் பண்டிதராக நடித்தும் இருக்கிறார். கலக்கத் தெரிந்தவர்களுக்குக் கலக்காமல் இருக்கவும் தெரியும் என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

எல்லாப் பாட்டும் உயர்ந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். இந்த மூவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கும் எத்தனையோ பேரின் பெயர் நமக்கு இன்றும் தெரியாது. கணக்கு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் அடுத்த தடவை பழைய ஹிந்திப் பாட்டு ஒன்று ரேடியோவில் வந்தால், பாடகர் நிறுத்தும் இடத்தில் வானொலியை விட்டு எழுந்து போய்விடாதீர்கள். அங்கேதான் ஸெபாஸ்டியன் பேச ஆரம்பிக்கிறார்.