திண்ணையில் எழுதிய அடங்கல்

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையை ஒட்டி ஒரு விமானதளம் இருப்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை அதனைப் பயன்படுத்திற்று. 2013-ஆம் ஆண்டில் அது இந்திய விமானப் படையின் நிலையமாக மலர்ந்தது. 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானங்களின் அணி ஒன்று அங்கே நிலைகொண்டது. ஆனால், இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய பெரும் விமானங்களைப் பற்றியன்று. இருவரோ நால்வரோ அமரக்கூடிய சிறு விமானங்களையும், அவற்றை ஓட்டுபவர் தம் மடிமீது வைத்திருக்கும் ஒரு தாளையும் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, விமானம் ஓட்டக் கற்று, பிறகு பல ஆண்டுகள் பிறருக்கு அதனைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: “ஐயா, செக்லிஸ்டைத் தாளில் வைத்துக்கொள்வது நல்லதா, திரையில் வைத்துக்கொள்வது நல்லதா?” செக்லிஸ்ட் என்பது சரிபார்ப்புப் பட்டியல். எஞ்சினை முடுக்குமுன் இன்னின்ன, ஓடுபாதையில் விரையுமுன் இன்னின்ன, இறங்குமுன் இன்னின்ன என்று வரிசைப்படுத்தி எழுதப்பட்டது. கேள்வி சிறியது. அதற்கு விடை தேடப் புகுந்தால் வரலாற்றில் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கிறது.

பட்டியலை எதில் எழுதுவது என்ற கேள்வி தஞ்சைக்குப் புதிதன்று. 1010-ஆம் ஆண்டில் பெருவுடையார் கோயிலை நிறைவு செய்த முதலாம் இராசராசன், கோயிலுக்கு வந்த பொருள்களைக் கல்லிலே எழுதச் செய்தான். பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், அணிமணிகளை ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்து, ஒவ்வோர் அணியிலும் கோத்த முத்துகள் எத்தனை, அவை எத்தகையவை என்றெல்லாம் அங்கே பொறித்திருக்கிறார்கள். கோயிற்பணிக்கு வந்த நானூறு பெண்களின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த தெருவும் மனையும்கூடக் கல்லில் இருக்கின்றன. பின்னால் வருகின்ற ஒருவன் நகையையும் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கல்லுக்குப் பின் ஓலையும், ஓலைக்குப் பின் தாளும் ஆண்டன. இப்போது திரையின் காலம். எழுதும் பொருள் மாறும்போதெல்லாம் ஒரு வசதி வந்தது. அதனுடன் ஒரு புதிய பிழையும் வந்தது.

எங்கள் ஊரில் கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று உண்டு. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, விளைச்சல் எப்படி என்று பதியும் ஏடு அது. கர்ணம் என்ற பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்த பின்னரும் அடங்கல் ஒழியவில்லை. அதற்குரிய முறை, வரப்பில் நடந்து வயலைக் கண்ணால் கண்டு எழுதுவதே. ஆனால், ஆண்டுதோறும் பார்த்த வயல்தானே என்று திண்ணையில் அமர்ந்தபடியே எழுதிவிடுவதும் உலகில் நடப்பதுண்டு. “இது திண்ணை அடங்கல்” என்று என் தந்தையார் சிரித்துக்கொண்டே சொல்வார். ஏடு நிரம்பியிருக்கும், எழுத்து முத்துப்போல் இருக்கும், வயலில் இருப்பதுதான் அதில் இராது. இந்தச் சொல்லை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

விமானத்திற்குப் பட்டியல் வந்த கதை துயரமானது. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏற்றிவந்தபோதும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனைக் கொண்டுவந்தபோதும், அவர்கள் ஓட்டிய பஸ்மாத் ஒற்றை எஞ்சின் கொண்ட எளிய விமானம். ஒரு நல்ல விமானி அதன் செயல்முறை முழுவதையும் மனத்திலேயே வைத்துக்கொள்ள இயலும். ஆனால், அடுத்த சில ஆண்டுகளில் விமானங்கள் மனிதனின் நினைவைக் கடந்து வளர்ந்துவிட்டன.

1935 அக்டோபர் 30-ஆம் நாள் அமெரிக்காவில் டேட்டன் நகருக்கு அருகிலுள்ள ரைட் விமானதளத்தில், போயிங் நிறுவனம் தன் புதிய நான்கு எஞ்சின் விமானத்தைப் படையினருக்கு முன் பறக்கவிட்டது. மாடல் 299 என்பது அதன் பெயர். ஓட்டியவர் மேஜர் ஹில், தேர்ச்சியில் குறைவற்றவர். விமானம் எழும்பியது, மூக்கை மேன்மேலும் உயர்த்திக்கொண்டே போயிற்று, பின் வேகம் இழந்து தரையில் வீழ்ந்து தீப்பற்றியது. ஹில் இறந்தார், உடனிருந்த போயிங் விமானி டவர் தீக்காயங்களால் பின்னர் உயிர்நீத்தார். இயந்திரத்தில் யாதொரு பழுதும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் வால் பலகைகளைக் காற்று அடித்துக் கெடுக்காதபடி ஒரு பூட்டுப் போடுவது வழக்கம். அதனைத் திறந்துவிடாமலே பறக்கத் தொடங்கிவிட்டார்கள். மறந்தது ஒன்றே ஒன்று.

இத்தகைய விமானத்தை ஓட்டுவது எவராலும் ஆகாது என்று சிலர் கருதினர். படை விமானிகளோ வேறு முடிவுக்கு வந்தார்கள். கூடுதல் பயிற்சி வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஹில்லைவிடப் பயிற்சி மிக்கவர் யார்? செய்ய வேண்டியவற்றை ஒரு சிறு தாளில் வரிசையாக எழுதினார்கள். அந்த விமானமே பின்னர் பி-17 என்ற பெயருடன் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டது. அறிவுடையவனும் மறப்பான் என்று வெட்கமின்றி ஒப்புக்கொண்டதே அந்தத் தாளின் பெருமை.

இதனை நான் நூலில் படித்து மட்டும் அறிந்தவனல்லேன். நான் பயின்ற காலத்தில் நம் நாட்டுப் பயிற்சிக் கழகங்களிற் பெரிதும் இருந்தது ‘புஷ்பக்’ என்னும் இருவர் விமானம்; பெங்களூர் இந்துஸ்தான் தொழிற்சாலையில் 1950-களின் இறுதியில் உருவானது. ஒருநாள் காலை விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் யாரோ கையெழுத்திட அழைத்தார்கள். போய்த் திரும்பி, விட்ட இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணி அடுத்ததிலிருந்து தொடர்ந்தேன். பட்டியல் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஓடுபாதையில் விரையும்போது வேகமானியின் முள் அசையவே இல்லை. என் ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் எஞ்சினின் விசையைக் குறைத்து விமானத்தை நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால், காற்றை வாங்கி வேகத்தைக் காட்டும் பிட்டோ குழாயின்மேல் சிவப்புத் துணியுறை அப்படியே மாட்டியிருந்தது. “உறையைக் கழற்றியதாக உன் மனம் சொல்லியிருக்கும், கையைக் கேட்டாயா?” என்றார் அவர். அன்று பட்ட வெட்கம் என்னைப் பின்னால் பலமுறை காத்தது.

தாளின் குறை இதுவே. எதுவரை முடித்தோம் என்று தாள் நமக்குச் சொல்வதில்லை. இடையில் ஒருவர் பேசினால், வானொலியில் ஓர் ஆணை வந்தால், ஒரு வரி விடுபட்டுப்போகும். 1987 ஆகஸ்டு 16-ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் பயணிகள் விமானம் ஒன்று, இறக்கை மடல்களை இறக்காமலே எழ முயன்று வீழ்ந்தது. தரையில் ஊர்ந்து செல்கையில் படிக்க வேண்டிய பட்டியலைக் கொண்டு விமானிகள் மடல்களைச் சரிபார்த்துக்கொள்ளவில்லை. எச்சரிக்க வேண்டிய கருவியும், அதற்கு மின்சாரம் எட்டாமற் போனதால், வாய் திறக்கவில்லை. மடிந்தவர் 156 பேர். விமானத்தில் இருந்தோரில் பிழைத்தது நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே. இதன் பின்னரே அறிஞர்கள் பட்டியலை ஆராயத் தலைப்பட்டனர். தெகானி, வீனர் என்னும் இருவர் 1990-இல் நாசாவுக்கு அளித்த ஆய்வு, பட்டியலின் எழுத்து அளவு, வரிகளின் வரிசை, அதனைப் படிக்கும் வழக்கம் முதலிய அனைத்தையும் எடுத்து ஆராய்ந்தது.

தாளின் குறையைத் திரை தீர்க்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. முடித்த வரி நிறம் மாறும். முடியாத வரி முன்னே நிற்கும். விட்ட இடம் மறக்காது. 1995-இல் பயணத்திற்கு வந்த போயிங் 777 விமானத்தில் பட்டியல் திரையிலேயே அமைந்தது. சக்கரம் இறங்கிவிட்டதா, மடல் இறங்கிவிட்டதா என்பன போன்றவற்றை விமானமே உணர்ந்து, அந்த வரியைத் தானே நிறைவு செய்துகொள்ளும். இதில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பெரிய விமானத்தின் திரைக்கு விமானத்துடன் நரம்புத் தொடர்பு உண்டு. சிறு விமானத்தின் விமானி தொடையில் கட்டிக்கொள்ளும் டேப்லெட்டுக்கு அந்தத் தொடர்பு பெரும்பாலும் இல்லை. எரிபொருள் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது அறியாது. விரல் தொட்டதை மட்டுமே அறியும். 2010-இல் ஐபேட் வந்த பின் சிறு விமானங்களிற் பரவிய பட்டியல்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆயின், ஒன்று சாட்சி, மற்றது குறிப்பேடு.

சாட்சியாக இருக்கும் திரையிலும் ஓர் ஆபத்து உண்டு. 1991-இல் பால்மர், தெகானி ஆகியோர் நாசாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில், தானே சரிபார்க்கும் திரைப்பட்டியலை விமானிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இயந்திரமே பார்த்துக்கொள்கிறது என்ற எண்ணம், தம் கண்ணால் பார்க்கும் பழக்கத்தைத் தளரச் செய்வதைக் கண்டார்கள்.

நம் மண்ணில் மற்றுமோர் இடையூறும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் சிறு விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்தால் அடுப்பங்கரைபோல் இருக்கும். அந்தச் சூட்டில் டேப்லெட் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். வெளிச்சம் பட்டு எழுத்து மங்குவதும் உண்டு. மின்சேமிப்பு தீர்வதும் உண்டு. தாளுக்கு இந்தத் துன்பம் இல்லை. அவசர வேளையில் தாளைப் புரட்டுவது ஒரு கையின் வேலை. திரையிலோ சரியான பக்கத்தை விரலால் தேட வேண்டும். அதற்கு மாறாக, திருத்தம் வந்தால் திரையில் உடனே மாற்றலாம். தாளோ பழையதாகவே பையில் கிடக்கும்.

நான் முன்னே குறித்த அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி முடியும் தறுவாயில், திருச்சிராப்பள்ளியிலிருந்து கிழக்கே, ஒற்றை எஞ்சின் கொண்ட செஸ்னா 172 விமானத்தில் நாங்கள் பறக்க ஆயத்தமானோம். கல்லணையைத் தாண்டிவிட்டால் கீழே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம். எங்கு நோக்கினும் நீர் நிறைந்த சம்பா வயல்கள். மேலிருந்து காணக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால், எஞ்சின் நின்றுவிட்டால் சக்கரம் ஊன்ற வரப்பளவு உலர்ந்த நிலமும் எளிதிற் கிடையாது. இளைஞர் தம் டேப்லெட்டில் வரிவரியாகப் படித்து, விரலால் தொட்டுக்கொண்டே போனார். “எரிபொருள் திருகு, இரு தொட்டிகளும்” என்றார். பச்சை நிறம் தோன்றியது. திருகோ இடத் தொட்டியில் மட்டும் நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை; பட்டியல் முடியும்வரை காத்திருந்தேன். முடிவில் திரை முழுவதும் பச்சை. “தம்பி, உமது கை அந்தத் திருகைத் தொட்டதா?” என்று கேட்டேன். குனிந்து பார்த்தவரின் முகம் வெளிறிவிட்டது. எனக்கு என் சிவப்புத் துணியுறை நினைவுக்கு வந்தது. அவர் திரையால் பிழைத்தார். நான் தாளால் பிழைத்தேன். பிழை ஒன்றே.

இது பயில்பவர்க்கே உரிய குறை என்று எண்ணுவீராயின், இன்னும் ஒரு செய்தி கேளுங்கள். 2014 மே 31-ஆம் நாள், அமெரிக்காவில் பெட்ஃபோர்டு நகரில் கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் ஒன்று எழ முயன்று, எழ இயலாமல் ஓடுபாதையைக் கடந்து சென்று எரிந்தது, எழுவர் மாண்டனர். காரணம் யாதெனில், அதே காற்றுப் பூட்டு! ஹில் இறந்து 78 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், அதே பூட்டைத் திறக்க மறந்தார்கள். பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அதற்கு முன் அந்த விமானிகள் எழுந்த 175 முறைகளில் நூற்றுக்கு 98 முறை, சுக்கான்களை முழுமையாக அசைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யவில்லை என்பது வெளிப்பட்டது. அவர்களிடம் பட்டியல் இல்லாமலில்லை. நெடுங்காலம் பழகிய வயல். ஆகவே அடங்கலைத் திண்ணையிலேயே முடித்தார்கள்.

மாணவ நண்பர்களே, அந்த இளைஞரின் கேள்விக்கு என் விடை இதுதான். திரையை வைத்துக்கொள்ளுங்கள், அது விட்ட இடத்தை மறவாது. தாளையும் பையில் வையுங்கள். அது வெயிலில் அணையாது. ஆனால், ஒவ்வொரு வரியையும் வாயால் சொல்லி, கண்ணால் கண்டு, கையால் தொட்ட பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். இடையில் எவரேனும் அழைத்தால், நினைவை நம்பாமல் முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். சில நிமிடங்கள் போகும், போகட்டும்.

நீங்கள் எல்லோரும் விமானம் ஓட்டப் போவதில்லை. மருந்து கொடுப்பவராகவோ, மதகு திறப்பவராகவோ, கணக்கு எழுதுபவராகவோ ஆவீர்கள். உங்கள் கையிலும் ஒரு பட்டியல் வரும். அதனை நிரப்பும்போது ஒருமுறை எழுந்து, வரப்பில் இறங்கி நடந்து, வயலைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.