பெரட்டு இல்லாத வேலை

தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பது 2020-இல்தான் நமக்கு வந்தது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் நம் தோட்டங்களில் அதைவிடப் பழைய தனிவேலை ஒன்று இருந்தது.

சுவா வட்டாரத்தில் என் பாட்டி பால்மரம் சீவியவர். ஓர் ஆளுக்கு 400, 500 மரம். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் பேச்சுத்துணை கிடையாது. அடுத்த ஆள் எங்கேயோ நாலு நெரை தள்ளி நிற்பார். ஆனால் அந்தத் தனிமைக்கு முன்னும் பின்னும் ஒரு கூட்டம் இருந்தது. காலையில் பெரட்டு, மதியம் பால் நிறுக்கிற ஸ்டோர். பெரட்டை நான் அழகுபடுத்த விரும்பலை. அது ஆள் கணக்குக்காக நிர்வாகம் வைத்தது. கிராணி பெயர் கூப்பிடுவார், கங்காணி அதட்டுவார். ஆனாலும் யாருக்குக் காய்ச்சல், பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி என்பதெல்லாம் அங்கேதான் தெரியவந்தது. ஒருத்தர் வரலைன்னா லயத்துக்குப் போய் எட்டிப் பார்க்க ஆள் இருந்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. இப்படிக் கூடிப் பேசின பழக்கம் இல்லாமல் அது சாத்தியமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் நம் வேலை வீட்டுக்கு வந்தது. கூடவே கணக்கும் வந்தது. கூட்டம் மட்டும் வரவில்லை. பாடப் பதிவு, வருகைப் பதிவு, இரவு பத்து மணிக்குப் புலனத்தில் படிவம். என்னோடு பணியாற்றிய ஓர் ஆசிரியை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துப் பாடம் எடுத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் வாரக்கணக்கில் அவதிப்பட்டார். குழுவில் தினமும் ‘வந்தேன்’ என்று போட்டார். அதனால் எங்களில் யாரும் விசாரிக்கவே இல்லை. ஆசிரியர் அறையில் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்போம்.

இது நம் வேலையில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் ஊழியர்கள் 61,000க்கும் மேற்பட்டோரின் தொடர்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, தங்கள் சொந்தக் குழுவுக்குள்ளேயே பேச்சு சுருங்கியது. மற்றப் பிரிவுகளோடு இருந்த இணைப்புகள் குறைந்தன. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட குறிப்பு கண் சோர்வு, உடல் வலி, தனிமை, மனச்சோர்வு ஆகியவற்றை ஒரே பட்டியலில் வைத்தது. பயண அலைச்சல் மிச்சம், குடும்பத்தோடு நேரம் என்ற நன்மைகளையும் அது மறைக்கவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த எனக்கும் அது நன்றாகவே தெரியும்.

2023 ஜனவரி 1 முதல், வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி தனியார் துறை ஊழியர் எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். கூடுவதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் போல.

எங்கள் தமிழ்மொழிப் பணித்தியத்தில் இயங்கலைக் கூட்டம் நடந்தால், முதல் பத்து நிமிடம் யாரும் எதையும் குறித்துக்கொள்வதில்லை. சும்மா பேசுவோம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பெரட்டு என்றே பெயர் வைத்திருக்கிறோம்.