சர்வக்ஞர்: ஒரு பட்டப்பெயர், பல பொருள்கள்

பெங்களூரு: ஆங்கிலேயர் கால ஆட்சியர் காக்ஸின் பெயரைத் தாங்கிய காக்ஸ் டவுன், இன்று சர்வக்ஞநகர் சட்டமன்றத் தொகுதியில் அடங்குகிறது. கன்னடக் கவிஞர் ஒருவரை நினைவுகூரும் 'சர்வக்ஞர்' என்பது இயற்பெயரன்று, பட்டப்பெயர். அனைத்தும் அறிந்தவர் என்பது நேர்ப்பொருள்.

கவிஞருக்கு நெடுங்காலம் முன்பே இச்சொல் வழக்கில் இருந்தது. அமரகோசம் இதனைப் புத்தருக்கும் சிவனுக்கும் உரிய பெயராகக் குறிக்கிறது. சமணத்தில் இது கேவல ஞானம் எய்தியவரைச் சுட்டும். 12ஆம் நூற்றாண்டில் 'மானசோல்லாசம்' இயற்றிய மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரருக்கோ இது புலமையைப் பறைசாற்றிய அரச விருது.

ஊர் ஊராகத் திரிந்த கவிஞரிடம் அந்தப் பெருமிதம் தலைகீழாகிறது. திரிபதி எனும் மூவடிப் பாடல்களில் இப்பெயரையே அவர் முத்திரையாகப் பதித்தார். செருக்கால் வந்ததன்று, பலரிடமும் சிறிது சிறிதாகக் கற்றதால் வாய்த்தது என்பதே அவர் பெயரில் வழங்கும் விளக்கம். இயற்பெயர் புட்பதத்தர் என்பர். அதை அறிந்தோர் சிலரே.

தமிழருக்கு இப்பெயர் நன்கு அறிமுகமானது 2009இல். காக்ஸ் டவுனை அடுத்த அல்சூரில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள்களில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது.