பாஸ்புக்கைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

சித்தேரி மக்களின் வழிவழிக் கதையே ஓர் இடப்பெயர்வில்தான் தொடங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்கிறார்கள் மலையாளிப் பழங்குடிகள். (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பிழைப்புக்காக மலையிறங்குகிறார்கள். திருப்பூர், கேரளம், கர்நாடகக் காப்பித் தோட்டங்கள் என்று போகிறார்கள்.

முன்பணம் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்பதெல்லாம் கூட்டிப்போகும் மேஸ்திரியின் நோட்டில் இருக்கும். எழுத்துத் தெரியாதவருக்கு மேஸ்திரி வாய்விட்டுச் சொல்வதுதான் கணக்கு.

இதற்கு 1979லேயே சட்டம் வந்துவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தக்காரர் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தரவேண்டும் என்று அது சொன்னது. கூலி, பிடித்தம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டியிருந்தது. இந்தி, ஆங்கிலத்தோடு தொழிலாளியின் தாய்மொழியிலும் எழுத வேண்டியிருந்தது. அது தொழிலாளியின் கையிலேயே இருக்க வேண்டியிருந்தது. நல்ல சட்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படிக்க அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1978 அக்டோபர் 2 அன்று, தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1988இல் எழுத்தறிவு இயக்கம், தொண்ணூறுகளில் அறிவொளி. அறிவொளி பல ஊர்களில் பெண்களைத் தலைநிமிர வைத்தது, மறுக்க மாட்டேன். ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாமே ஊரில் தங்கியிருப்பவரை மனதில் வைத்துப் போட்டவை. வகுப்பு ஊரில் நடக்கும், படிக்க வேண்டியவர் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பார். 2011 கணக்கெடுப்பிலும் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் தர்மபுரிதான்.

ஸ்வீடனில் 1972லேயே, வந்தேறிய தொழிலாளிக்கு மொழி கற்க 240 மணி நேரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் போட்டார்கள். அந்தச் செலவு முதலாளியின் தலையில். இங்கே படிப்பு என்றால் நாள் முழுக்க உழைத்து ஓய்ந்தபின் இரவு லாந்தர் வெளிச்சத்தில்தான்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். படித்திருந்தால் போயிருக்க மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது பழியைச் செத்தவர் மேல் போடுவது. வேலை இல்லாத மலையில் படித்தவரும்தான் லாரி ஏறுவார். ஆனால் எங்கே, என்ன வேலைக்கு, எவ்வளவு கூலிக்கு என்று தானே தெரிந்துகொண்டு ஏறுவதும், இன்னொருவர் வாயை நம்பி ஏறுவதும் ஒன்றல்ல. புலம்பெயர்ந்தவரின் மனநிறைவு பற்றி ஆய்வாளர்கள் கேள்வித்தாளில் கேட்கிறார்கள். நம் ஆட்களிடம் கேட்டால், மகனுக்குப் போட்ட கடிதத்தை அடுத்தவரிடம் படிக்கக் கொடுக்காமல் இருந்ததுதான் அது என்பார்கள்.

இப்போது மறுபடியும் ஒரு எழுத்தறிவுத் திட்டம் ஓடுகிறது. அந்த வகுப்பைத் தோட்டத்திலேயே நடத்துங்கள், அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள் என்று கேட்போம். முதல் பாடமாகப் பாஸ்புக்கையே வைக்கலாம்.