மீன்தொட்டி அடிமட்ட மீன்கள்
அடிமட்ட மீன்கள் என்பவை நன்னீர் மீன்தொட்டியின் அடியில் தங்கி, மிஞ்சிய இரையை உண்ணும் மீன்களாகும். துப்புரவு மீன்கள் எனப்பட்டாலும் இவையும் கழிவாக அமோனியாவை வெளியிடுகின்றன. புதிய தொட்டியில் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதன் பின்னரே இவற்றை விடுதல் வேண்டும்.

'டேங்க் கிளீனர்' என விற்கப்படும் தென்னமெரிக்கச் சக்கர் மீன் 30 செ.மீ.க்கு மேல் வளரும். தொட்டிக்குப் பெரிதானதும் வெளியே விடப்பட்ட இம்மீன், தமிழக நீர்நிலைகள் சிலவற்றில் பெருகியுள்ளது. கரைகளைக் குடைந்து வலைகளையும் கிழிப்பதால், விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஏரிப்பாசனப் பகுதிகளில் இதனை ஏரியில் விடுதல் கூடாது.

சிறு தொட்டிக்குத் தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரிய அயிரை ஏற்றது. இது 10 செ.மீ.க்கும் குறைவாகவே வளரும். மணலைக் கிளறி இரை தேடுவதால், கூரிய கற்களுக்குப் பதிலாக மென்மணல் பரப்புதல் வேண்டும். கண்ணாடியில் படியும் பாசியை இது நீக்காது.