மிக்-21 மாதிரி விமானத்தில் ரெசின் உதிரிகள்

பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட்டோடு வராமல், வேறொரு நிறுவனம் தனியாக வார்த்து விற்கும் நுணுக்கப் பாகமே ரெசின் உதிரி. காக்பிட், இருக்கை, சக்கரம், எக்சாஸ்ட் குழல் எல்லாம் இப்படிக் கிடைக்கின்றன. மாதிரி கட்டுவோர் இவற்றை ஆஃப்டர்மார்க்கெட் என்கிறார்கள். பைக்குக்கு வெளியில் வாங்கி மாட்டும் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போலத்தான். இந்திய விமானப்படைச் சின்னத்தோடு ஒரு ஜெட் கட்ட நினைப்பவருக்கு மிக்-21 தான் தோதான விமானம். 1963-ல் படையில் சேர்ந்து, எச்ஏஎல் நாசிக் ஆலையில் நூற்றுக்கணக்கில் தயாராகி, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம் அது.

கிட்டில் இருப்பதே போதாதா என்ற கேள்வி நியாயமானது. கிட் பாகங்கள் எஃகு அச்சில் பிளாஸ்டிக்கைப் பீய்ச்சி உருவாகுபவை. அச்சு திறக்கும்போது பாகம் நேராகக் கழன்று வரவேண்டும். உட்குழிந்த இடம் இருந்தால் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பழைய கிட்டுகளில் விமானியின் இருக்கை சோப்புக் கட்டி போல மொழுக்கென்று இருக்கிறது. ரெசினுக்கு அச்சு சிலிகான் ரப்பர். வளைத்து உரித்துவிடலாம் என்பதால் இருக்கையின் பெல்ட் மடிப்பு, கொக்கி, குழாய், சிவப்புக் கைப்பிடி எல்லாம் ஒரே வார்ப்பில் வந்துவிடும்.

சுவாமிமலையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, சிலை எடுக்க மண் அச்சை உடைப்பார்கள். ஓர் அச்சுக்கு ஒரு சிலை. சிலிகான் அச்சு சில பத்து வார்ப்புகள் தாங்கும், பிறகு ஓரங்கள் கிழியத் தொடங்கும். ரெசின் உதிரிகள் சிறு எண்ணிக்கையில் வருவதற்கும், கையளவுப் பொட்டலம் சில நேரம் கிட்டின் விலையையே எட்டிப் பிடிப்பதற்கும் காரணம் இதுதான். அச்சு எடுக்க முதலில் ஒரு தாய்ப்பாகம் வேண்டும். பிளாஸ்டிக் தகடு, செம்புக் கம்பி, ஈயத்தகடு கொண்டு அதைக் கையாலேயே செய்த காலம் உண்டு. கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உளி பட்ட ஒவ்வொரு சிற்பமும் தனி. ரெசினில் ஒருவர் கைவேலை ஐம்பது பேர் மேசைக்குப் போகிறது.

இதைப் பரவலாக்கியவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன். பின்னாளில் தொழிலின் மையம் செக் நாட்டுக்கு நகர்ந்தது. ஏரிஸ், சிஎம்கே ஆகியவை அங்குள்ளவை. எடுவர்ட் நிறுவனம் 2011-ல் தன் 1/48 மிக்-21 வரிசையைத் தொடங்கி, அதற்கான ரெசின் பாகங்களைப் பிராசின் என்ற பெயரில் தானே விற்றது. இப்போது பல பாகங்கள் வார்க்கப்படாமல் முப்பரிமாண அச்சில் நேரடியாகவே வருகின்றன. அவை கூர்மையில் ஒருபடி மேல், ஆனால் மெல்லிய கம்பிகள் எளிதில் முறியும்.

1/72 அளவில் ஓர் அங்குலம் ஆறு அடிக்குச் சமம். 1/48-ல் கால் அங்குலம் ஓர் அடி. மிக்-21-இன் இறக்கை விரிவு 7.15 மீட்டர். 1/72-ல் அது 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1/48-ல் ஏறத்தாழ 15. ரெசினுக்குச் செலவழிக்க 1/48 ஏற்றது என்பது என் கருத்து. 1/72-ல் மூடிய கண்ணாடிக்குள் காக்பிட் இருப்பதைச் சொன்னால்தான் தெரியும்.

வேலையில் முதல் சோதனை வார்ப்புக்கட்டை. ரெசின் ஊற்றிய வாய் ஒரு தடித்த கட்டையாகப் பாகத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நுண்பல் ரம்பத்தால் அதைச் சிறிது சிறிதாக, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி அறுக்கவேண்டும். ஒரே பக்கத்திலிருந்து அழுத்தி அறுத்தால் கடைசி மில்லிமீட்டரில் பாகத்தின் ஓரம் பெயர்ந்து போகும். மிச்சத்தை வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்கவேண்டும். உலர்ந்த ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் கட்டாயம். அச்சிலிருந்து கழல்வதற்காகப் பூசிய வழவழப்பு பாகத்தின் மேல் தங்கியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும். கோணிய பாகத்தை வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம்.

கிட்டுக்கான பசை இங்கே உதவாது. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உருக்கி இணைப்பது. ரெசினை அது தொடவே தொடாது. ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டும், கனமான பாகத்துக்கு அரால்டைட். ஃபெவிக்விக் நொடியில் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தராது. ஒட்டாமல் பத்து முறை பொருத்திப் பார்ப்பது அதனால்தான்.

மிக்-21-இல் காக்பிட்டைப் பொருத்துவதுதான் மிகக் கடினம். காற்று மூக்கின் வழியே நுழைந்து காக்பிட்டின் இருபுறமும் பிரிந்து போகிறது; காக்பிட்டுக்கு அடியிலேயே முன்சக்கரக் குழி. மூன்றும் குறுகலான ஒரு குழாய்க்குள் அடங்கவேண்டும். ரெசின் தொட்டியின் பக்கச்சுவர் கிட்டின் சுவரை விடத் தடிமனாக இருக்கும் என்பதால், கிட் உடற்பகுதியின் உட்புறத்தைச் சுரண்டி மெலிதாக்கவேண்டும். வெளிப்பக்கம் டார்ச் அடித்தால் பிளாஸ்டிக்கில் வெளிச்சம் மங்கலாக ஊடுருவித் தெரியும், அங்கே நிறுத்திவிடலாம். ஆர்வத்தில் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் ஓட்டைதான். தொட்டியின் அடி, சக்கரக் குழியின் கூரையில் இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கவேண்டும். இடித்தால் உடற்பகுதியின் இரண்டு பாதிகளும் மூடாது, பட்டி வைத்து மறைக்கவும் முடியாது.

வாலில் ரெசின் எக்சாஸ்ட் வைத்தால் மூக்கு மேலே எழும்பி மாதிரி வாலில் உட்கார்ந்துவிடக்கூடும். மீன்பிடித் தூண்டிலுக்கு விற்கும் ஈயக்குண்டுகளை மூக்குக் கூம்புக்குள் வைத்து ஒட்டினால் நிமிரும். உடற்பகுதியை மூடும் முன் இதைச் செய்யாவிட்டால் பிறகு வழியில்லை.

எந்த மிக்-21 என்பதையும் முதலிலேயே தீர்மானித்தாகவேண்டும். இந்தியாவில் டைப் 77 என்று அழைக்கப்பட்ட எஃப்எல் வகையில் கண்ணாடி மூடி முன்பக்கம் கீல் கொண்டு திறக்கும். இருக்கை பழைய எஸ்கே வகை. டைப் 96, டைப் 75 இரண்டிலும் மூடி வலப்பக்கம் சாயும், இருக்கை கேஎம்-1. கடைகளில் எளிதில் கிடைப்பது கேஎம்-1. 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய டைப் 77 விமானத்தைக் கட்டுபவர் அதை வைத்தால், வேலை எவ்வளவு நேர்த்தியானாலும் தப்புத்தான். பின்னாளில் மேம்படுத்தப்பட்ட பைசன் வகையைக் கட்டுவோருக்குச் சட்டமில்லாத ஒற்றை முன்கண்ணாடியும் திரைகள் கொண்ட பலகையும் தேவை.

பெயின்ட் அடிக்கும்போது காக்பிட் உட்புறம் நீலமும் பச்சையும் கலந்த சோவியத் நிறம். கருவிப் பலகையின் நடுவில் செங்குத்தாக ஒரு வெள்ளைக்கோடு உண்டு. விமானம் சுழன்று விழும்போது கட்டுப்பாட்டுக் கோலை எங்கே தள்ளவேண்டும் என்று விமானிக்குக் காட்டும் கோடு அது. ரெசின் பலகையில் அது கோடாகப் புடைத்திருக்காது, தூரிகையால்தான் போடவேண்டும்.

எல்லாவற்றையும் வாங்கவேண்டியதில்லை. இருக்கை, சக்கரங்கள், எக்சாஸ்ட் மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை, செலவுக்குத் தகும். மூடிவிடும் குழிக்குள் வைக்கும் எஞ்சின் தொகுப்பு, கட்டியவர் ஒருவருக்கே தெரிந்த ரகசியம்.

நிஜ விமானத்தைப் பார்க்கப் பெங்களூரு எச்ஏஎல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். இந்தியாவிலேயே வடிவமைத்த மாருத் விமானம் ஒன்று சென்னை கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்தில் நிற்கிறது. போனால் விமானத்தின் முன் நின்று செல்ஃபி எடுத்துத் திரும்பாமல், சக்கரக் குழிக்கு அடியில் குனிந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் எடுத்துச் செல்ல மறக்கவேண்டாம்.